விலா தெரியும் இறக்கை

ஜனவரி 6, 2024, சனி

பி.ஈ.2சி. முதலாம் உலகப் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி, முப்பத்திரண்டில் ஒன்று அளவு. பெட்டியை இன்றுதான் திறந்தேன்.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கொப்பி வைப்பது என் வழக்கம். இது பதினான்காவது. பெயின்ட் கலவை, செலவான மணித்தியாலம், விட்ட பிழைகள். வேறொன்றும் எழுதுவதில்லை.

இறக்கைகளைப் பார்த்ததும் ஏமாற்றம். ஒவ்வொரு விலாச் சட்டத்துக்கும் நடுவே துணி பள்ளமாகத் தொய்ந்திருப்பதுபோல் பிளாஸ்டிக்கை வார்த்திருக்கிறார்கள். பட்டினி கிடந்த மாட்டின் விலா மாதிரி. உண்மையில் அப்படி இருந்ததில்லை. 1915இல் மரச் சட்டத்தின்மேல் லினன் துணியை இழுத்துத் தைத்து, டோப் என்ற வார்னிஷைத் திரும்பத் திரும்பப் பூசுவார்கள். காய்ந்ததும் துணி மேளத்தோல் மாதிரி விறைத்துவிடும். பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. விலா எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அதைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவருவதுதான் வேலை.

ஏப்ரல் 20 எங்கள் மாதிரி விமானக் கழகத்தின் கண்காட்சி. பதினைந்து வாரம் இருக்கிறது.

புதன்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா வருகிறாள். மூன்று மாத விசா. சின்ன அறையை ஒதுக்கித் தரச் சொல்லி மனைவி மேகலா நிற்கிறாள். சின்ன அறைதான் என் விமான அறை.

ஜனவரி 10, புதன்

அக்காவைக் கூட்டிவந்தோம். வெளிநாட்டுக்கு வந்த இருபத்தாறு வருடத்தில் நான் ஊருக்குப் போனது இரண்டு தடவை. நான் நினைத்து வைத்திருந்ததைவிட அவள் சிறுத்துப்போயிருந்தாள்.

விமானங்கள் தரையிறங்கும் பாதைக்குக் கீழே எங்கள் வீடு. இரண்டு நிமிடத்துக்கு ஒன்று போகும். சாப்பாட்டு மேசையில் முதல் சத்தம் கேட்டதும் அக்கா கோப்பையைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"உது எப்ப நிக்கும்?"

"நிக்காது அக்கா. பகல் முழுக்க உப்பிடித்தான்."

"நீ வேணுமெண்டோ இஞ்ச வீடு வாங்கினனி?"

மேகலா சிரித்தாள். "வேற என்ன மச்சாள். முதல் நாள் வீடு பாக்க வந்து, உள்ளுக்கே போகேல்லை. முத்தத்தில நிண்டு மேல பாத்துக்கொண்டிருந்தவர்."

மேகலா வேலை செய்யும் பார்மசிக்குப் பக்கம் என்பதால்தான் வாங்கினோம்.

ஜனவரி 14, ஞாயிறு

மேசையைச் சாப்பாட்டறை யன்னலடிக்கு மாற்றியாயிற்று. மேல் இறக்கைகளின் பள்ளங்களை நிரப்பிச் சாண்ட்பேப்பரால் தேய்த்தேன். நான்கு மணித்தியாலம். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் வெட்டுகிற கை எனக்கு. விரல் நுனியிலேயே மேடு பள்ளம் தெரிந்துவிடும்.

அக்கா சோபாவில் இருந்து அம்மாவின் கடைசி மாதங்களைப் பற்றி மேகலாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். படுக்கைப் புண், மா கரைத்துப் பருக்கியது, இரவில் புரட்டிப் போட்டது. அம்மா போன ஜூனில் காலமானா. எனக்கு லீவு கிடைக்கவில்லை.

ஜனவரி 21, ஞாயிறு

ஒரு தகவலுக்காக எழுதி வைக்கிறேன். நாங்கள் மூன்று பேர். அக்கா சிவகௌரி, நான் பகீரதன், தம்பி துஷ்யந்தன். துசி என்று கூப்பிடுவோம். 1991 மாசியில் குண்டு போடும் பொம்மர் வந்தபோது துசி பதுங்குகுழியை (பங்கர்) விட்டு வெளியே போய்விட்டான். அவனுக்கு ஏழு வயது. அம்மா கூப்பன் கடைக்குப் போயிருந்தா. அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். பிள்ளைகளுக்குப் பொறுப்பு அக்கா. அவளுக்குப் பதினேழு வயது.

இன்று: கீழ் இறக்கை இடது, தேய்த்து முடிந்தது.

ஜனவரி 28, ஞாயிறு

அக்கா கோயிலுக்குப் போன நேரம் மேகலா என்னிடம் வந்து நின்றாள்.

"மச்சாளுக்கு ரெண்டு சம்பந்தம் வந்ததாம். உங்களுக்குத் தெரியுமோ?"

"கேள்விப்பட்டனான்."

"மாமிதான் வேண்டாமெண்டவவாம். ஏனெண்டு கேளுங்கோ. 'ஒரு பிள்ளையை ஒரு மணித்தியாலம் பாக்கத் தெரியாதவளுக்கு என்னத்துக்குக் கலியாணம்.' வந்த ஆக்களுக்கு முன்னாலயே சொன்னவவாம்."

கையில் பசை இருந்தது. காய முதல் ஒட்ட வேண்டும் என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

கோணலாக ஒட்டிவிட்டது. கழற்றித் திரும்ப ஒட்டினேன்.

பெப்ரவரி 4, ஞாயிறு

துணி வேலை தொடங்கியது. முதலில் இறக்கை முழுக்கக் கிரீம் நிறம். அதன்மேல் விலாச் சட்டங்களும் நீளக் கட்டைகளும் இருக்கிற இடத்தில் ஏர்பிரஷ்ஷால் கபிலக் கோடுகள். பிறகு அந்தக் கோடுகள் மறைந்தும் மறையாமலும் இருக்கும்வரை திரும்பவும் கிரீம், மெல்லிசாக, படலம் படலமாக. சாயம் பூசாத லினன் வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே விடும். வானத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே இருக்கும் எலும்பு நிழலாகத் தெரியும். பிளாஸ்டிக் வெளிச்சத்தை விடாது. அந்த நிழலைப் பொய்யாகத்தான் தீட்ட வேண்டும்.

ஒரு படலம் கூடினால் எல்லாம் மறைந்துவிடும். வலது மேல் இறக்கையில் மறைந்துவிட்டது. கழுவிவிட்டேன்.

பெப்ரவரி 11, ஞாயிறு

அக்கா முதன்முதலாக மேசைக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். ஒரு மாதமாக இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"தொட்டுப் பாக்கலாமோ?"

காய்ந்த இறக்கையைக் கொடுத்தேன். விரலால் தடவினாள்.

"துணி மாதிரியே கிடக்கு. உதில எத்தினை பேர் போறது?"

"ரெண்டு பேர். முன்னுக்கு இருக்கிறவர் கீழ பாத்துப் படம் எடுப்பார். பின்னுக்கு இருக்கிறவர் ஓட்டுவார்."

"படம் மட்டுமோ?"

"தொடக்கத்தில படம் எடுக்கத்தான். பிறகு குண்டும் போட்டவை."

"எப்பிடி?"

"முதல்ல கையாலதான். பக்கத்தால எட்டிப் பாத்து, கைவிடுறது."

அக்கா இறக்கையை மேசையில் வைத்தாள். "அப்ப கீழ நிக்கிற ஆளின்ர முகம் தெரிஞ்சிருக்கும், என்ன?"

"சில வேளை தெரிஞ்சிருக்கும்."

"நீ சின்னனிலயும் உதைத்தானே கீறிக்கொண்டு திரிவாய். எல்லாரும் பங்கருக்குள்ள நடுங்க, நீ மட்டும் சத்தத்தைக் கேட்டு இது இன்ன எஞ்சின் எண்டு சொல்லுவாய். துசி உன்ர வாயைப் பாத்துக்கொண்டிருப்பான்." அவள் சிரித்தாள். "அவனுக்கு நீ சொன்னா வேதம்."

இன்று இவ்வளவுதான். வேலை ஓடவில்லை.

பெப்ரவரி 18, ஞாயிறு

நாடாக்கள். துணியை விலாச் சட்டத்தோடு தைத்த தையலை மூட, மேலே ஒரு துணி நாடா ஒட்டுவார்கள். நம் அளவில் அது ஒன்றரை மில்லிமீட்டர் அகலம். மெல்லிய ஒட்டுத்தாளுக்கு நிறமடித்து, கத்தியால் கீலம் கீலமாக வெட்டி, ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். நான்கு இறக்கைக்கும் மேலும் கீழுமாக நூறுக்கு மேல் வரும். இன்று பதினொன்று.

பெப்ரவரி 27, செவ்வாய்

துசியின் நினைவு நாள். அக்கா சுவாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, ஒரு தட்டில் மூன்று மோதகம் வைத்தாள். நான் லீவு எடுக்கவில்லை. வேலையால் வரும்போது அவள் அந்த இடத்திலேயே இருந்தாள். மேகலா பக்கத்தில்.

"அம்மா இல்லாத முதல் வருசம்," என்றாள் அக்கா. "இண்டைக்கு ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

"என்ன கேக்கேல்லை மச்சாள்?"

"'ஏன் எண்ணேல்லை' எண்டு. ஒவ்வொரு வருசமும் விளக்கேத்தின கையோட கேப்பா. திட்டுறேல்லை. சும்மா கேப்பா. 'பிள்ளை, ஏன் அண்டைக்கு எண்ணேல்லை?'"

"நீங்கள் என்ன சொல்லுவியள்?"

"நான் எண்ணினனான் மேகலா. தலையில தொட்டுத் தொட்டு எண்ணினனான். பக்கத்து வீட்டுப் பிள்ளையள் ரெண்டு, பகி, துசி. நாலும் சரி. பிறகு எப்பிடி வெளியில போனான் எண்டுதான் இண்டைக்கும் விளங்கேல்லை. முன்வாசலில நான் இருந்தனான். என்னைத் தாண்டிப் போகேலாது." கொஞ்சம் பொறுத்து, "எண்ணினனான் எண்டுதான் நினைக்கிறன். முப்பத்திமூண்டு வருசமாக் கேட்டுக் கேட்டு, இப்ப எனக்கே சந்தேகமாக் கிடக்கு."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ பக்கத்திலதானே இருந்தனி. நான் எண்ணினனான்தானே?"

"ஓம் அக்கா. எண்ணினனீங்கள்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மோதகம் எடுத்துத் தந்தாள்.

பெப்ரவரி 28, புதன்

கிரீம் கலவை மூன்றாம் தரமும் பிழைத்துவிட்டது.

மார்ச் 2, சனி

நாடா ஒன்பது. ஆறு கழன்றுவிட்டது.

கழகத்திலிருந்து கிரஹாம் போன் எடுத்தார். துணி வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன்.

மார்ச் 9, சனி

ஜனவரி 21இல் எழுதியது பிழை. "துசி வெளியே போய்விட்டான்" என்று எழுதியிருக்கிறேன். திருத்தி எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணி இருக்கும். அக்கா எங்களைப் பங்கருக்குள் இழுத்துவிட்டு எண்ணினாள். பிறகு பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீரிட்டு அழ, அதை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டு முன்வாசலில் இருந்தாள். பங்கருக்குப் பின்னால் இன்னொரு வாசல் உண்டு, வழக்கமாகப் பலகை சாத்திக் கிடக்கும். அங்கே நானும் துசியும்.

சத்தம் வட்டமடித்தது. அந்த விமானத்தின் சத்தம் எனக்குத் தெரியும். வயிற்றுப் பக்கத்தைக் கண்டதே இல்லை. நான் கீறிய விமானப் படத்தில் அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. "வாடா, ஒருக்காப் பாத்திட்டு ஓடி வருவம்" என்றேன். "அக்கா பேசுவா" என்றான். "அவ காணமாட்டா" என்று சொல்லி, அவனை முதலில் தூக்கி மேலே விட்டேன். பிறகு நான் ஏறினேன்.

கிணற்றடியில் நின்றோம். ஒரு கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் காட்டினேன். இறக்கை எங்கே தொடங்குகிறது, சில்லு எங்கே மடிந்திருக்கிறது. அவன் வாயைத் திறந்தபடி பார்த்தான். அப்போது கறுப்பாக ஒன்று பிரிந்து வந்தது.

நான் ஓடினேன். அவனுடைய கையை எந்த இடத்தில் விட்டேன் என்று ஞாபகம் இல்லை. பங்கருக்குள் விழுந்தது ஞாபகம் இருக்கிறது. மண் கொட்டியது. காது அடைத்திருந்தது. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். வாய் அசைவில்தான் விளங்கியது. "துசி எங்க?"

"தெரியாது" என்றேன்.

அம்மா ஓடி வந்து கேட்டபோதும் அதையே சொன்னேன். அதற்குப் பிறகு என்னை ஒருவரும் கேட்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

மேகலா வேலைக்குப் போய்விட்டாள். அக்கா குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்று சொன்னேன். நேற்று எழுதிய ஒழுங்கிலேயே சொன்னேன். கைவிட்டதையும் சொன்னேன். "தெரியாது" என்று சொன்னதையும்.

அக்கா கத்தியை வைத்தாள். கையைக் கழுவினாள். துவாயில் துடைத்தாள். கதிரையில் இருந்தாள்.

"பின்வாசலாலயோ?"

"ஓம்."

"நீயோ தூக்கி விட்டனி?"

"ஓம் அக்கா."

"அப்ப நான் எண்ணினது சரி."

"சரி அக்கா."

தலைக்கு மேலே விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவள் ஒன்றுக்கும் அசையவில்லை.

"அம்மாட்டச் சொன்னனியோ?"

"இல்லை."

"பன்னிரண்டு வயசில பயந்தாய். அது சரி. எனக்கு விளங்குது. இஞ்ச வந்தாப் பிறகு? கலியாணம் கட்டினாப் பிறகு? அம்மா படுக்கையில கிடக்கேக்க கிழமைக்கு ஒருக்கா வீடியோவில கதைச்சனிதானே. 'சாப்பிட்டீங்களோ, மருந்து குடிச்சீங்களோ' எண்டு கேட்டனிதானே. போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான் பகி. அந்தக் கையாலதான் அவவைக் கழுவித் துடைச்சனான். கடைசிக் கிழமையும் கேட்டவ, 'ஏன் பிள்ளை எண்ணேல்லை' எண்டு. நீ ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா..."

முடிக்கவில்லை. நான் நிலத்தில் இருந்தேன். மன்னிப்புக் கேட்டேனா என்று தெரியவில்லை. கேட்டிருப்பேன்.

"எழும்பு," என்றாள். "உன்ர அழுகையைப் பாக்க எனக்கு ஏலாது."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அடுப்பில் உலை கொதித்து வற்றிவிட்டது.

மார்ச் 12, செவ்வாய்

மேகலாவுக்கு அக்காவே சொல்லிவிட்டாள். மேகலா கத்தவில்லை. கட்டிலின் ஓரத்தில் இருந்து, "பதினெட்டு வருசம் ஒரு வீட்டில இருக்கிறம்," என்றாள்.

பிறகு, "மாமியின்ர செத்த வீட்டுக்கு லீவு கிடைக்கேல்லை எண்டு சொன்னீங்கள். நீங்கள் கேக்கவே இல்லை. உங்கட மனேஜர் எங்கட கடைக்கு மருந்துக்கு வந்த நேரம் சொன்னவர். எனக்கு அப்பவே தெரியும். ஏனெண்டுதான் தெரியாமல் இருந்தது."

மார்ச் 14, வியாழன்

அக்கா டிக்கெட்டை மாற்றிவிட்டாள். ஞாயிறு போகிறாள்.

மார்ச் 17, ஞாயிறு

விமான நிலையத்தில் பெட்டியை நிறுக்கும் வரிசையில் நின்றோம். ஒரு கிழமையாக என்னோடு பேசாதவள் அங்கே பேசினாள்.

"ஊரில போய் நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நான் சொன்னா, அம்மா செத்தாப் பிறகு தம்பியில பழியைப் போடுறாள் எண்டுவினம். நீ சொல்லு. சித்தப்பாட்ட, கனடா மாமியிட்ட. அம்மாவோட சேர்ந்து என்னைக் கேட்ட ஆக்களிட்ட. நீயே போன் எடுத்து, உன்ர வாயால சொல்லு."

"சொல்லுறன் அக்கா."

"பாப்பம்."

திரும்பிப் பார்க்காமல் போனாள். மேகலா ஒரு சால்வையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிப்போய்க் கொடுத்தாள்.

மார்ச் 24, ஞாயிறு

போன் எடுக்கவில்லை. நாடா பதினாறு.

ஏப்ரல் 7, ஞாயிறு

போன் எடுக்கவில்லை. நாடா வேலை முழுதும் முடிந்தது. இறக்கைகளைப் பொருத்தினேன். மேகலா தேவைக்கு மட்டும் பேசுகிறாள்.

ஏப்ரல் 20, சனி

கண்காட்சி. இரண்டாம் இடம். நடுவர் குனிந்து, சிறிய டோர்ச்சை இறக்கையின்மேல் பிடித்துப் பார்த்தார். பிளாஸ்டிக் என்பதை மறந்துவிட்டேன் என்றார். உண்மையான துணிக்குள் வெளிச்சம் போவதுபோல் இருக்கிறதாம். கிரஹாம் என் முதுகில் தட்டினார். "இவ்வளவு பொறுமை உனக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, காருக்குள் இருந்து, சித்தப்பாவுக்குப் போன் எடுத்தேன். ஊரில் அப்போது பின்னேரம் ஏழு மணி. எழுபத்தெட்டு வயது அவருக்கு. சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. கார்க் கண்ணாடியைச் சாத்திவிட்டுக் கத்திச் சொன்னேன்.

அவர் டிவியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"அண்ணியும் போனாப் பிறகு எதுக்கடா உதைக் கிளறுறாய்?" என்றார். "நீ அப்ப சின்னப்பிள்ளைதானே. சின்னப்பிள்ளை என்ன செய்யும். விடு மோனை."

"அக்காவும் சின்னப்பிள்ளைதானே சித்தப்பா. அவவுக்குப் பதினேழு வயசு."

'சின்னப்பிள்ளைதானே' என்ற சொல் எனக்கு இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அவளுக்கு முப்பத்திமூன்று வருடத்தில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

கனடா மாமிக்குச் சொன்னேன். அழுதா. பிறகு கோபித்தா. "கௌரியின்ர வாழ்க்கையை நாசமாக்கிப்போட்டியேடா" என்று சொல்லிப் போனை வைத்தா. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஊரில் அப்போது பக்கத்து வீட்டில் இருந்த ஆட்கள் இப்போது பிரான்சில். நம்பர் தேடிப் பிடித்து அவர்களுக்கும் சொன்னேன்.

மே 5, ஞாயிறு

அக்காவுக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை.

மே 12, ஞாயிறு

எடுக்கவில்லை.

மே 19, ஞாயிறு

எடுக்கவில்லை. மேகலாவோடு கிழமையில் இரண்டு தடவை பேசுகிறாளாம். "சுகமா இருக்கிறா" என்பதற்கு மேல் மேகலா எனக்குச் சொல்வதில்லை.

மே 26, ஞாயிறு

அடுத்த மாதம் அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு, ஆட்டைத் திவசம். இப்போது நான்தான் ஒரே மகன். லீவு கேட்டேன். மனேஜர் உடனே தந்துவிட்டார். டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறேன்.

புதிய பெட்டி ஒன்றும் வாங்கவில்லை. இந்தக் கொப்பியில்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 2, ஞாயிறு

இன்று எடுத்தாள்.

"சொல்லு."

"அக்கா, எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

"தெரியும். சித்தப்பா வந்தவர். தடியை ஊண்டிக்கொண்டு, அந்த வெய்யிலுக்குள்ள தனிய நடந்து வந்தவர். ஒண்டும் கதைக்கேல்லை. தேத்தண்ணி குடுத்தன், குடிச்சார். போகேக்க என்ர தலையில கையை வைச்சிட்டுப் போனவர்."

"திவசத்துக்கு வாறன் அக்கா. லீவு எடுத்திட்டன்."

அங்கே கோழி ஒன்று கத்தியது.

"வர வேண்டாம்."

"நான்தானே அக்கா செய்ய வேணும்."

"சித்தப்பாவின்ர மகன் செய்வான். அவனோட கதைச்சிட்டன். ஐயருக்கும் சொல்லியாச்சு. பிண்டம் வைக்கேக்க நான் பக்கத்தில நிக்கப் போறன். முப்பத்திமூண்டு வருசத்துக்குப் பிறகு அம்மாவுக்கு முன்னால நான் ஒருக்கா நேர நிக்க வேணும். நீ அதில நிண்டா, எல்லாரும் உன்னைத்தான் பாப்பினம். உனக்குத்தான் ஆறுதல் சொல்லுவினம். இந்த முறை வேண்டாம்."

"அடுத்த வருசம்?"

"அடுத்த வருசம் கேள்."

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அவள் பக்கத்தில் குழாயைத் திறக்கும் சத்தமும், வாளிக்குள் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டது. கேட்டுக்கொண்டிருந்தேன். வாளி நிறைந்ததும் குழாயை மூடினாள்.

"வைக்கிறன்," என்றாள்.